‘ஒன்னும் இல்லய்யா’ என்பவரோடு 21 நாள்: கீமோ எடுக்கும் பெரியவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தாலும், பாலை எடை போட்டு முடித்த பிறகுதான் குனிந்து பார்ப்பார். 68 வயதில் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கியபோது எங்களை அதிகம் அலைக்கழித்தது அவருடைய ஒரே ஒரு வாக்கியம்: “ஒன்னும் இல்லய்யா, நீ வேலைக்குப் போ.”

நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம். சுற்றிலும் செம்பனை, ரப்பர் அங்கங்கே மிச்சம் இருக்கிறது. சிகிச்சை பாலம் தாண்டி பினாங்கில். ஊசி போடுவது ஒரு நாள், அதற்குப் பிறகு வரும் 20 நாளும் வீட்டில்தான். அந்த 20 நாளில் டாக்டரின் கண்ணாக இருக்க வேண்டியவர் வீட்டில் இருக்கிறவர். பெரியவர் வாயால் சொல்ல மாட்டார் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, பார்த்தும் தொட்டும் எண்ணியும் தெரிந்துகொள்ளப் பழகியதுதான் எங்களைக் காப்பாற்றியது. அதை நாள் வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கீமோ என்பது ஒரே மருந்து அல்ல. சிலருக்கு வாரம் ஒருமுறை, சிலருக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு வெறும் மாத்திரை. அம்மாவுக்கு 3 வாரச் சுற்று: முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் ஊசி, பிறகு 14 நாள் கேப்சிட்டபைன் மாத்திரை, அப்புறம் 7 நாள் ஓய்வு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு என்ன மருந்து என்று பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் எழுதுவதும் உங்கள் டாக்டர் சொல்வதும் வேறுபட்டால் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

தொடங்குவதற்கு முந்தைய வாரம்

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது போதாது. நாக்குக்கு அடியில் வைத்துப் பார்ப்பது நல்லது. வாய் புண்ணாக இருந்தால் அக்குளில். அக்குளில் பார்த்தால் ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஆசனவாயில் மட்டும் வைக்கக் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே போக வழியாகிவிடும்.

அடுத்து, மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகம். நான் கூலிம் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகலில் மனைவி, ராத்திரியில் நான், சனி ஞாயிறு தங்கச்சி. ஒருவர் பார்த்தது அடுத்தவருக்குத் தெரிய இந்தப் புத்தகம்தான் பாலம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மேலே தேதி, பக்கத்தில் கீமோ போட்டு எத்தனையாவது நாள் என்ற எண். ஊசி போட்ட நாள் 1. இந்த எண் மிக முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கீழே காலை மாலை காய்ச்சல் அளவு, எத்தனை கோப்பை தண்ணீர், என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை வெளிக்குப் போனார், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. அடுத்த சந்திப்பில் டாக்டர் “ஓகேயா, மாக்சி (ஆன்ட்டி)?” என்று கேட்டபோது அம்மா வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார். நான் புத்தகத்தை நீட்டினேன். டாக்டர் நாலு பக்கம் புரட்டிவிட்டு மாத்திரை அளவைக் குறைத்தார்.

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எல்லாம் என்றால் எல்லாம்தான்: சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கியது, யாரோ விற்ற வைட்டமின், சூரணம். மருந்தாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. வாந்தி எடுத்துச் சாப்பிடாத நாளில் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது? தலை சுற்றித் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் நாளில் பிரஷர் மாத்திரையை என்ன செய்வது? நம் பெரியவர்களில் நிறையப் பேருக்கு இந்த இரண்டு நோயும் இருக்கிறது. பதிலை முன்கூட்டியே வாங்கி எழுதி வைத்தால் ராத்திரி பதற வேண்டாம்.

அப்புறம் வண்டி. ராத்திரி 2 மணிக்கு யார் கார் எடுப்பார்? பக்கத்து வீட்டுத் தம்பியிடம் முதலிலேயே சொல்லி வைத்தோம். 999 இருக்கிறது, உண்மைதான். ஆனால் தோட்டத்து உள்பாதையில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பதற்குள் நாமே போய்ச் சேர்ந்துவிடலாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நினைவில்லை என்றால் மட்டும் யோசிக்காமல் 999.

ஊசி போட்ட நாளும் அடுத்த இரண்டு நாளும்

அன்று திரும்பும்போது காரில் ஏர்கோனைக் குறைத்துத் துணியால் போர்த்தி அழைத்து வந்தோம். ஆக்சாலிபிளாட்டின் போட்டவருக்குக் குளிர் ஆகாது. ஆனால் வீட்டில் ஒருவர் அதை மறந்துவிட்டார்: அம்மாவேதான். மறுநாள் காலை ஐஸ் பெட்டியிலிருந்து மீனை எடுத்தவர் அப்படியே கீழே போட்டுவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். “கையில முள்ளு குத்துது” என்றார். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சு நிற்பது போலவும் இருக்கும். பயங்கரமாகத் தோன்றினாலும் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லக் குடித்துச் சூடாக இருந்தால் சில நிமிடத்தில் தணியும். தணியவில்லை, உண்மையாகவே மூச்சு வாங்குகிறது என்றால் அது வேறு, உடனே கிளம்புங்கள். இந்த மருந்து எடுப்பவர் வீட்டில் ஐஸ் பெட்டி கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். தொடும்போதே ஞாபகம் வரும்.

ஊசி ஏற்றிய கையைப் பாருங்கள். சிவந்து, வீங்கி, எரிச்சலாக இருந்தால் அன்றே கீமோ பிரிவுக்குத் தொலைபேசி போடுங்கள்.

கழிவைப் பற்றி நிறையப் பேர் பேசுவதில்லை. ஊசி போட்டுக் குறைந்தது 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும், முடிந்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஃபிளஷ் இருந்தால் மூடியை மூடி இரண்டு தடவை. குந்தி உட்கார்ந்து போகும் பழைய கழிவறை என்றால் தெறிக்காமல் இரண்டு வாளி. நனைந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டில் மாசமாக இருப்பவர் இந்த வேலையைத் தொடக் கூடாது. பேரப்பிள்ளைகள் பாட்டியைக் கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. பாட்டி பாத்திரத்தைத் தனியாக வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. அந்தத் தனித் தட்டு பெரியவர் மனத்தை எப்படி உடைக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

கீமோ மாத்திரை தருகிறவர்கள் அதை வெறும் கையால் தொடாமல், பாட்டில் மூடியில் தட்டி நேராகக் கொடுங்கள். உடைக்கக் கூடாது, பொடியாக்கிக் கஞ்சியில் கலக்கக் கூடாது, மற்ற மாத்திரைப் பெட்டியில் போடக் கூடாது. கேப்சிட்டபைன் என்றால் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள், காலையும் மாலையும் ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளியில். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகத் தராதீர்கள். உறையில் ‘செலெபாஸ் மாக்கான்’ (சாப்பிட்ட பிறகு) என்று மலாயில் அச்சடித்திருப்பது அம்மாவுக்கு வாசிக்க வராது. மார்க்கர் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்தாள் என் மகள். அதற்குப் பிறகு ஒரு வேளையும் தப்பவில்லை.

குமட்டல் மாத்திரையில்தான் பெரியவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். “வாந்தி வரலையே, எதுக்கு மாத்திரை?” என்று மிச்சம் பிடிப்பார்கள். வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். எழுதிக் கொடுத்த நாளெல்லாம், எழுதிக் கொடுத்த நேரத்துக்குத் தர வேண்டும். சில மருந்துகளுக்குக் குமட்டல் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் ஏறும். ஒரு வகை மாத்திரை கேட்கவில்லை என்றால் வேறு வகை இருக்கிறது. பொறுத்துக்கொண்டு கிடக்காமல் கேளுங்கள். தண்ணீர்கூட உள்ளே தங்காமல் ஒரு நாள் போனால், வயதானவர் விஷயத்தில் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

வாந்திக்காகத் தரும் மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்று ஒன்று இருக்கலாம். அது சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். சர்க்கரை உள்ளவருக்கு அந்த நாட்களில் விரலில் குத்திப் பார்க்கும் சோதனையைக் கூட்டுங்கள். காலையிலேயே தரலாமா என்று கேளுங்கள். இன்னொரு வாந்தி மருந்தான ஒண்டான்செட்ரான் மலத்தைக் கட்டும். 3 நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் அடுத்த சந்திப்பு வரை வைத்திருக்காதீர்கள். பேதி மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

சாப்பாடு

எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுக்கப் பிரச்சினை தாளிப்புதான். கடுகும் வெங்காயமும் எண்ணெயில் விழுந்த உடனே அம்மாவுக்குக் குமட்டும். பெலாச்சான் (இறால் பசை) வறுத்தால் கேட்கவே வேண்டாம். அம்மா வாசலில் காற்று வாங்கும் நேரத்தில் சமைத்து முடித்து, ஆறிய பிறகு கொடுக்க ஆரம்பித்தோம். ஆறிய சாப்பாட்டில் மணம் குறைவு. ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு முன்னால் வைத்தாலே மிரண்டுவிடுவார். பிள்ளைகள் தட்டில் நாலு வாய், 2 மணி நேரம் கழித்து இன்னும் நாலு வாய்.

எதைச் சாப்பிட்டாலும் இரும்பு ருசி என்றார். எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வைத்துவிட்டுக் கண்ணாடிக் கோப்பை, பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தோம். ஓரளவு சரியானது. மைலோவை எவர்சில்வர் டம்ளரில் ஆற்றிக் குடித்தே பழகியவர், கண்ணாடிக் கோப்பையை வெள்ளைக்காரத் துரை வீட்டுக் கோப்பை என்று கேலி செய்தார்.

உடம்பு தேற இப்போது வேண்டியது புரதம். முட்டை, மீன், பருப்பு, தவ்வு (டோஃபு), கோழி. கஞ்சி மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், சதை கரையும். கஞ்சியிலேயே பருப்பைக் குழைத்துப் போடுங்கள், முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேக வையுங்கள், நெத்திலியைப் பொடித்துத் தூவுங்கள். “சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும், அரிசி சாப்பிட்டால் வளரும்” என்று வருகிறவர்கள் எல்லாம் ஒவ்வொன்றைத் தடுப்பார்கள். கடைசியில் பெரியவர் ஒன்றும் சாப்பிடாமல் எடை குறைவார், எடை குறைந்தால் கீமோவே தள்ளிப்போகும். நீரிழிவு இருந்தால் அதற்கான கட்டுப்பாடு உண்டு. அது டாக்டர் சொல்வது, வாட்ஸ்அப் சொல்வது அல்ல.

தடுக்க வேண்டியவை வேறு. கோப்பிக் கடையில் ரொட்டியோடு தரும் அரைவேக்காட்டு முட்டை, இந்தச் சில மாதங்களுக்குக் கிடையாது. பச்சையாகச் சாப்பிடும் உலாம் கீரை, காலையிலிருந்து திறந்து கிடக்கும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), கறந்து காய்ச்சாத மாட்டுப்பால், கள்ளு எதுவும் வேண்டாம். பழம் தரலாம், கழுவி, தோல் உரித்து. பம்பளிமாஸ் மட்டும் சில மருந்துகளோடு சேராது, கேட்டுவிட்டுத் தாருங்கள்.

தண்ணீருக்கு ஒரு வழி: பெரியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் காலையில் நிரப்பி மேசையில் வைத்தால் சாயங்காலம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தாலே போதும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவருக்கு எவ்வளவு தண்ணீர் என்று டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

வாய், வயிறு, கை கால்

நாலைந்து நாளில் வாய் எரிய ஆரம்பிக்கலாம். ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு. கலக்கிக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. சாப்பிட்ட பிறகும் தூங்கும் முன்பும், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. கடையில் விற்கும், வாயைச் சுரீரென்று எரிக்கும் கொப்பளிப்பு வேண்டாம். அதில் ஆல்கஹால் இருக்கும். பிரஷ் மிக மென்மையானதாக இருக்கட்டும். பல்செட் போடுபவர் புண் ஆறும்வரை சாப்பிட மட்டும் போட்டுக்கொள்ளலாம். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் உள்ளவரை நிறுத்தச் சொல்வது பெரும் போராட்டம், தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள். நாக்கில் வெள்ளை படிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்து தருவார்கள்.

வயிற்றுப்போக்கை எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஒரு நாளில் நாலு தடவை கூடினால், அல்லது ராத்திரி எழுந்து போக ஆரம்பித்தால், அடுத்த வேளை கீமோ மாத்திரையைத் தருவதற்கு முன் மருத்துவமனையைக் கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். வீட்டில் ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பேதியோடு காய்ச்சலும் இருந்தால் நிறுத்தும் மாத்திரை கொடுத்து வீட்டில் வைக்காதீர்கள்.

கேப்சிட்டபைன் எடுப்பவரின் உள்ளங்கை, உள்ளங்காலைத் தினமும் திருப்பிப் பாருங்கள். சிவந்து, எரிந்து, தோல் உரிய ஆரம்பித்தால் தொடக்கத்திலேயே சொன்னால் அளவைச் சரிசெய்வார்கள். யூரியா கலந்த கிரீம் தடவலாம். இறுக்கமான சப்பாத்து, சூட்டுத் தண்ணீர் வேண்டாம். அம்மாவின் கையில் பால்வெட்டுக் கத்தி பிடித்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. அந்தத் தடித்த தோலுக்குப் பக்கத்தில்தான் முதலில் வெடித்தது. “இது பழைய காய்ப்பு” என்று மறைத்தார். மனைவிதான் கண்டுபிடித்தாள்.

7 முதல் 14 வரை: காய்ச்சல் நாட்கள்

நாள் எண்ணை எழுதச் சொன்னேனே, அது இதற்குத்தான். கீமோ, எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால் வெள்ளை அணுக்கள் குறையும். பல மருந்துகளுக்கு ஏறக்குறைய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் அது அடிமட்டத்துக்குப் போகும். அப்போது கிருமி வந்தால் எதிர்த்து நிற்க ஆள் இல்லை. வாந்தி நின்று, முகம் தெளிந்து, “நல்லா இருக்கேன், கோயிலுக்குப் போகலாமா?” என்று கேட்கும் நாட்களும் இவைதான். ஏமாந்துவிடாதீர்கள்.

38 டிகிரி. இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 38 அல்லது அதற்கு மேல் காட்டினால், பகலோ இரவோ, மருத்துவமனை அவசரப் பிரிவு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஈரத்துணி போட்டுப் பார்க்கக் கூடாது. அளவு பார்க்கும் முன் பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கவே கூடாது. அது எண்ணை இறக்கி ஆபத்தை மறைத்துவிடும். வலிக்காகப் பனடோல் வேண்டும் என்றாலும் முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் டாக்டரிடம் ஒரு வார்த்தை, பிறகுதான் மாத்திரை. போன்ஸ்டன், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைச் சொந்தமாகக் கொடுக்காதீர்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ரத்தக் கசிவு, சிறுநீரகக் கேடு இரண்டுக்கும் வழி.

இரண்டாவது சுற்றில் ஒரு சாயங்காலம் 38.2. பக்கத்தில் இருக்கிற ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனது என் தவறு. டெங்கியாக இருக்கலாம், மாத்திரை தருகிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். கீமோ எடுப்பவர் என்பதை நான்கூட அழுத்திச் சொல்லவில்லை. அன்று ராத்திரியே பெரிய மருத்துவமனைக்குப் போனோம், 6 நாள் வார்டில் இருந்தார். நம் ஊரில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் டெங்கி ஞாபகம் வருவது இயல்புதான். ஆனால் கீமோக்காரருக்கு ரத்தம் சோதித்து, நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லியை மணிக்கணக்கில் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். அதற்கு வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள்.

முகப்பில் உட்கார்ந்து எண் வரும்வரை காத்திருக்காதீர்கள். கீமோ கார்டை நீட்டி முதல் வாயிலேயே சொல்லுங்கள்: “மாக் சாயா பெசாக்கிட் கெமோதெராபி, டெமாம்.” அம்மா கீமோ நோயாளி, காய்ச்சல் என்று அர்த்தம். கடைசி ஊசி போட்ட தேதியையும் சொல்லுங்கள். இந்த ஒரு வரி வரிசையை மாற்றும்.

வயதானவர்களில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கிருமி உள்ளே இருந்தும் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். நாலாவது சுற்றில் பத்தாம் நாள் காலை. அம்மா சாமி மேடை முன்னால் நின்று விளக்கில் எண்ணெய் ஊற்றுவதாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரி மிதந்தது. நான் கூப்பிட்டதும் திரும்பி, இறந்துபோன என் மாமா பெயரைச் சொல்லி, “பெரட்டு மணி அடிச்சிட்டாங்களா?” என்று கேட்டார். தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் மணி அடித்து இருபது வருடம் ஆகிறது. தெர்மாமீட்டரில் 37.3. எண் சரியாக இருக்கிறது என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பிடிக்கவில்லை. சிறுநீரில் கிருமி. திடீர்க் குழப்பம், பேச்சில் தடுமாற்றம், எழுப்ப முடியாத தூக்கம் எல்லாம் பெரியவர்களுக்குக் காய்ச்சலுக்குச் சமம்.

எண் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டியவை இன்னும் உண்டு:

- உடம்பு தூக்கிப் போடும் குளிர் நடுக்கம்
- மூச்சு வாங்குவது, நெஞ்சில் வலி அல்லது இறுக்கம்
- ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. ரத்தக் கட்டியாக இருக்கலாம்
- நிற்காத மூக்கு ரத்தம், கறுப்பு மலம், தோலில் சிவப்புப் புள்ளிகள்
- அரை நாளாகச் சிறுநீர் போகாமல் இருப்பது

இந்த நாட்களில் கூட்டம் வேண்டாம். வருகிறவர் இருமினால் வாசலோடு பேசி அனுப்புங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வீட்டில் உள்ளவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. கோழிக் கூண்டு, மாட்டுக் கொட்டகை, பூந்தொட்டி மண் இவற்றைப் பெரியவர் கையால் தொட வேண்டாம். அம்மாவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தண்டனை. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் ஜன்னல் வழியாக எங்களை ஏவிச் செய்ய வைத்தார்.

சோர்வும் விழுவதும்

பத்துக்கு எத்தனை வலி, எத்தனை சோர்வு என்று கேட்டால் நம் பெரியவர்கள் விழிப்பார்கள். நான் வேறு மாதிரி கேட்டேன். “இன்னைக்கு வெட்டுக்காட்டுக்குப் போற தெம்பா, கடைக்குப் போற தெம்பா, வாசல் வரைக்கும்தானா?” அதற்கு உடனே பதில் வந்தது. ஒரு நாள், “ரெண்டு வாளி பாலத் தூக்கிட்டு மேட்டுல நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதை அப்படியே புத்தகத்தில் எழுதினேன். ரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் குறைந்திருந்தது.

முழு நாளும் படுத்தால் சோர்வு கூடும். காலையில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு வரை ஒரு நடை, பகலில் சின்னத் தூக்கம். அது போதும்.

பாதம் மரத்துப்போனவருக்குத் தரை தெரியாது. பழைய தோட்டத்து வீடுகளில் கழிவறை பின்கட்டைத் தாண்டி இருக்கும். ராத்திரி போகும் வழியில் பாசி, படிக்கட்டு, கொடிக்கயிறு. படுக்கை முதல் கழிவறை வரை இரவு விளக்கு போடுங்கள். கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத ரப்பர் விரிப்பு. குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தண்ணீர்ச் சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும், மரத்த விரல் பொய் சொல்லும். தலைக்கு அடிபட்டு விழுந்தால், ரத்தம் வராவிட்டாலும், மருத்துவமனை.

வருகிறவர்கள் தரும் மருந்து

வேண்டப்பட்ட ஒருவர் சூரணம் கொண்டு வந்தார். நல்ல மனத்தோடுதான். அம்மா எங்களுக்குத் தெரியாமல் பத்து நாள் சாப்பிட்டார். அடுத்த ரத்தச் சோதனையில் கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன, ஒரு வாரம் கீமோ தள்ளிப்போனது. சூரணம்தான் காரணமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் நிறுத்திய பிறகு இறங்கியது. சமையலில் போடும் மஞ்சள், இஞ்சி, மிளகு வேறு. காய்ச்சி வடித்தும் மாத்திரையாக உருட்டியும் தருவது வேறு. கீமோ முடியும்வரை இரண்டாவது வகை வேண்டாம். பெரியவரைத் திட்டினால் அடுத்த முறை இன்னும் ஆழமாக ஒளித்து வைப்பார். “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாப்பிடுங்கம்மா” என்றால் போதும்.

நேர்த்திக்கடனும் அப்படித்தான். தைப்பூசத்துக்கு விரதம், பால்குடம், மொட்டை என்று வேண்டியிருப்பார்கள். நாள் எண்ணைப் பார்த்து, 7-க்கும் 14-க்கும் நடுவில் வந்தால் வேறொருவர் அவருக்காகச் செலுத்தட்டும். மொட்டை அடிப்பதாக இருந்தால் கத்தி வேண்டாம், மின்சாரக் கிளிப்பர். மார்புப் புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகளில் முதல் ஊசி போட்டு 2, 3 வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும், சிகிச்சை முடிந்த பிறகு வளரும். எங்கள் லயத்து அக்கா ஒருவர் முன்கூட்டியே மொட்டை போட்டுக்கொண்டு, கேட்டவர்களிடம் முருகனுக்கு என்று சொல்லிவிட்டார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்றாவது வாரமும் காகிதவேலையும்

15-ஆம் நாளுக்கு மேல் பெரும்பாலும் உடம்பு மீளும். பிடித்ததைச் சாப்பிட, பேரன் பள்ளிக்கூடம் பார்க்க, கோயிலுக்குக் கூட்டம் இல்லாத வேளையில் போக இந்த வாரத்தை வையுங்கள். ரத்த அணுக்கள் போதவில்லை என்று அடுத்த கீமோவைத் தள்ளி வைத்தால் பதறாதீர்கள், அது நடக்கிற விஷயம்தான்.

ஓய்வு நாட்களில் பணம் பற்றிய காகிதங்களையும் முடித்துவிடுங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் தகுதியுள்ளவருக்குப் புற்றுநோய் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரை ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துத் தொகையும் உண்டு. அரசாங்க மருத்துவமனையிலேயே விண்ணப்பப் பாரம் தருவார்கள். இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) சேமிப்பு மிச்சம் இருந்தால் சிகிச்சைச் செலவுக்கு எடுக்கவும் வழி இருக்கிறது. மருத்துவமனையில் சமூகநலப் பிரிவு எங்கே என்று தாதியிடம் கேளுங்கள். நான் நாலாவது சுற்றில்தான் கேட்டேன். அதற்குள் பெட்ரோலும் டோலும் எவ்வளவு போனது என்று கணக்குப் பார்க்கவில்லை.

முந்தின நாள் ராத்திரி பையைக் கட்டி வைப்போம்: அடையாள அட்டை, கீமோ கார்டு, 555 புத்தகம், மருந்துப் பை, போர்வை, மாற்றுத் துணி, ஒரு பிளாஸ்டிக் பை வாந்திக்கு, பிளாஸ்கில் சுடுதண்ணீர். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் பாலத்தில் நெரிசல் இல்லை. அம்மா அதற்கு அரை மணி முன்னாலேயே சேலை கட்டித் தயாராக வாசலில் உட்கார்ந்திருப்பார். பெரட்டுக்குப் போன பழக்கம். காரில் ஏறும்போது, “போன தடவ வயிறு எத்தன தரம் போச்சுன்னு எழுதினியா? நான் சொன்னா அந்த டாக்டர் பொண்ணு நம்ப மாட்டேங்குது” என்றார், ஆறாவது சுற்றுக்குப் போன அன்று.